மலிவு நேரம்

விடுப்புக் கடிதங்களை வாசித்துக் கையெழுத்துப் போடுவது வகுப்பாசிரியர் வேலைகளில் ஒன்று. காய்ச்சல், பங்குனிப் பொங்கல், பெரியம்மா மகள் கல்யாணம் என்ற வழக்கமான காரணங்களுக்கு நடுவே, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கிராமங்களிலிருந்து வரும் மாணவிகள் எழுதும் காரணம் ஒன்று உண்டு: ‘நேற்று இரவு தண்ணீர் வந்தது.’ அதற்குமேல் ஒரு வரி இருக்காது. தேவையும் இல்லை. இரவு ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ குழாயில் காற்றுச் சத்தம் கேட்டிருக்கும். அம்மா எழுப்பியிருப்பார். அடுத்தது எப்போது வருமென்று தெரியாததால் அண்டா, தவலை, குடம், பிளாஸ்டிக் டிரம், கடைசியில் சோற்றுப்பானை வரை நிரப்பியிருப்பார்கள். விடிந்ததும் முதல் பேருந்து போயிருக்கும். பதினாறு ஆண்டுகளாகக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு மாணவனின் கடிதத்திலும் இந்த வரியை நான் பார்த்ததில்லை. அந்த வீடுகளிலும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களும் அந்தத் தண்ணீரில்தான் குளித்துவிட்டு வருகிறார்கள்.

இந்தக் கடிதங்களின் பின்னணியில்தான் இப்போது நீர் மேலாண்மைக் கருத்தரங்குகளில் அடிபடும் ஒரு யோசனையை வாசிக்க விரும்புகிறேன். சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை மக்கள் பயன்படுத்த வைக்க வேண்டுமானால், தண்ணீரின் விலையை நேரத்துக்கு நேரம் மாற்ற வேண்டும் என்பது அந்த யோசனை. எல்லோரும் தண்ணீர் திறக்கும் வேளையில் நன்னீருக்கு விலை கூடுதல். மறுசுழற்சி நீர் மிஞ்சிக் கிடக்கும் வேளையில் அதற்கு விலை குறைவு. விலையைப் பார்த்து நுகர்வோர் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பு.

இதன் பின்னால் இருக்கும் கணக்கை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. கழிவுநீர் நாள் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. நகரம் எழுந்து குளிக்கும் காலையில் ஒரு பெருக்கு, இரவுச் சமையலும் பாத்திரம் கழுவலுமாக மாலையில் இன்னொரு பெருக்கு. நள்ளிரவுக்குப் பின் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் ஓட்டம் மெலிந்துவிடும். ஆனால் அந்த நீரை வாங்குபவருக்கு அது வேண்டியிருக்கும் நேரம் வேறு. கலிபோர்னியாவில் பூங்காக்களுக்கும் கோல்ஃப் மைதானங்களுக்கும் ஆள் நடமாட்டம் இல்லாத இரவில்தான் பெரும்பாலும் மறுசுழற்சி நீர் பாய்ச்சுகிறார்கள். வரத்து பகலில், தேவை இரவில். இடைப்பட்ட நேரத்துக்குத் தேக்கிவைக்கப் பெரிய தொட்டிகள் வேண்டும், தொட்டிக்குப் பணம் வேண்டும். வாங்குபவரே தன் செலவில் தொட்டி கட்டி, பகலில் பிடித்து வைத்துக்கொண்டால் அவருக்கு விலையைக் குறைக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. எதிர்ச்சவ்வூடு முறையில் நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் நிறைய வேண்டும். மின்சாரத்துக்கும் இன்று மணிக்கு ஒரு விலை. ஆகவே இந்த யோசனைக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. எனக்குப் பிரச்சினை அந்தத் தர்க்கம் ‘நுகர்வோர்’ என்று யாரை அழைக்கிறது என்பதில்.

அதைப் புரிந்துகொள்ள மின்சாரத்தைப் பார்த்தால் போதும். அது இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகளுக்குப் பல ஆண்டுகளாகவே உச்ச நேரக் கட்டணம் உண்டு. 2022ஆம் ஆண்டின் கட்டண ஆணைப்படி காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. 2023இல் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. 10 கிலோவாட்டுக்கு மேல் தேவையுள்ள வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1 முதலும், வேளாண்மை தவிர்த்த மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1 முதலும் நேரக் கட்டணம் வர வேண்டும் என்றது அந்தத் திருத்தம். ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப் பொருத்த வீடுகளும் இதற்குள் வரும். வெயில் இருக்கும் எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் குறையும், உச்ச நேரத்தில் ஏறும்.

உச்ச நேரம் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காலை 6 முதல் 10. மாலை 6 முதல் 10. வாசல் தெளித்து, உலை வைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, கணவனுக்குச் சோறு கட்டி, மாமியாருக்கு வெந்நீர் வைத்து, பாத்திரம் விளக்கித் தானும் கிளம்பும் நேரம். திரும்பி வந்து மறுபடியும் அதே. பொறியாளர் வரைபடத்தில் இரண்டு திமில்களாக எழுந்து நிற்பது வீட்டு வேலை. நாடே ஒரு நேரத்தில் சேர்ந்து கண்டபடி செலவழிப்பதுபோல் அந்த வரைபடம் காட்டும் திமிலுக்குள் நிற்பது ஒரு பெண். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். உச்ச நேரத்தில் விலையை ஏற்றி ‘பழக்கத்தை மாற்று’ என்றால், மாற்றச் சொல்லப்படுவது அந்த 299 நிமிடங்களை.

தமிழ் இலக்கணம் படித்தவளுக்கு இங்கே ஒரு சிரிப்பு வரும். நிலத்துக்கு நிலம் பொழுதைப் பிரித்துக் கொடுத்தவர் தொல்காப்பியர். பாலைக்கு நண்பகல், குறிஞ்சிக்கு யாமம். எங்கள் பாலையின் நண்பகல் இப்போது ‘சூரிய நேரம்’ என்று தள்ளுபடி விலையில் கிடைக்கப் போகிறது. திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதிப் பக்கம் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறந்தார்கள். சீமைக்கருவேலங்காட்டில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த வட்டாரத்தில் கண்ணாடிப் பலகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. யாமமோ இங்கே களவுக்கான பொழுதாக ஒருநாளும் இருந்ததில்லை. குழாயடிக்கான பொழுது அது.

இந்த வறண்ட நிலத்துக்கு நேரத்தால் தண்ணீரை அளப்பது புதிதல்ல. கூட்டுக்கிணறு வைத்திருக்கும் குடும்பங்களின் பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் புரட்டினால், எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று கிணறு பிரிந்து, அந்தப் பங்கு இத்தனை நாளுக்கு ஒரு முறை, இத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்டலாம் என்று எழுதியிருக்கும். ‘முறை’ என்றே அதற்குப் பெயர். முறை என்பது சொத்து. அது அண்ணனிடமிருந்து தம்பிக்கும் அப்பாவிடமிருந்து மகனுக்கும் போனது. பெண்கள் அந்தப் பத்திரத்தில் பெரும்பாலும் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று கையெழுத்தோ கைநாட்டோ வைக்க மட்டும் வந்தார்கள். ஊர்க்கிணற்றில் முறை இன்னொரு கொடூரத்தையும் செய்தது. எந்தச் சாதிப் பெண் முதலில் இறைப்பாள், எந்தச் சாதிப் பெண் ஒதுங்கி நின்று யாராவது ஊற்றும்வரை காத்திருப்பாள் என்பதும் நேரத்தின் கணக்குதான். காத்திருப்பைத் தலித் பெண்களுக்கு ஒதுக்கிய ஊர்களுக்கு ‘நேரத்துக்கு விலை’ என்பது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமா?

தண்ணீர்ப் பஞ்சத்தைப் பேசிய நம் எழுத்தும் இந்தக் காத்திருப்பைச் சரியாகப் பார்த்ததில்லை. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகம் 1980இல் மேடையேறியது. அடுத்த ஆண்டு கே. பாலசந்தர் அதைப் படமாக்கினார். அத்திப்பட்டி என்ற வறண்ட கிராமத்தின் கதை. எங்கள் பக்கத்துக்காரர்கள் அதைத் தங்கள் ஊராகவே பார்த்தார்கள், இன்றும் பார்க்கிறார்கள். அரசு இயந்திரத்தை அவ்வளவு நேராகக் கேள்வி கேட்ட வெகுசனப் படங்கள் தமிழில் குறைவு. அதை மறுக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்தவரை அது ஊரின் துயரம், பின்னணி. வெளியிலிருந்து வந்த வெள்ளைச்சாமி மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்தவுடன் அது செயல், கதை. அதே தண்ணீர், அதே தொலைவு. பெண் சுமக்கும்போது அது இயற்கை. ஆண் ஓட்டும்போது அது தியாகம். செவந்தியின் நடைக்கு யாரும் நன்றிக்கடன் பட்டதாக நினைக்கவில்லை.

அதற்கு ஏழாண்டு முன்னால், 1973இல், அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல் வந்தது. அது சென்னையின் பஞ்சம். அங்கே ஊர் திரண்டு எழுவதில்லை, யாரும் கால்வாய் வெட்டுவதில்லை. ஜமுனா என்ற பெண் தண்ணீருக்காக அலைகிறாள், அவ்வளவுதான். ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படிப் பிடுங்கப்படுகிறது என்பதை அவள் நாள் எப்படிக் குடங்களாகத் துண்டுபடுகிறது என்பதன் வழியே அந்த நாவல் காட்டுகிறது. நேரக் கட்டணம் வகுப்பவர்கள் படிக்க வேண்டிய பிரதி எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். விலை என்ற சொல்லைப் பெரிதாகப் பேசாமலே தண்ணீரின் விலையைச் சொல்லிவிடுகிறது.

சரி, வீட்டுக்கு வருவோம். விலை குறைந்த நேரத்தில் பிடித்து, விலை கூடிய நேரத்தில் பயன்படுத்த என்ன வேண்டும்? தரைக்குக் கீழே ஒரு தொட்டி, மாடியில் ஒரு சின்டெக்ஸ், நடுவில் மோட்டார், முடிந்தால் தானாகத் திறந்து மூடும் வால்வு. மறுசுழற்சி நீர் என்றால் அதற்கெனத் தனிக் குழாய் வேறு. இவை இருக்கும் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, தள்ளுபடி தானாக வந்து தொட்டியில் இறங்கும். அருப்புக்கோட்டையில் நெசவாளர்கள் வாடகைக்கு இருக்கும் காம்பவுண்டு வீடுகளில் இவற்றில் எதுவும் கிடையாது. ஆறு குடித்தனத்துக்கு ஒரு குழாய், வீட்டுக்காரம்மாவுக்கு முதல் முறை. அங்கே விலை குறைந்த நேரம் என்பதற்கு விழித்திருக்கும் நேரம் என்று பொருள். தொட்டி வைத்திருப்பவருக்குச் சலுகை, தொட்டி இல்லாதவருக்கு அபராதம். அந்த அபராதத்தையும் பணமாக வாங்காமல் தூக்கமாக வாங்குகிற ஏற்பாடு. இதை ஏற்கெனவே பாதி அமல்படுத்திவிட்டோம் என்பதற்கு என் மேசையில் விடுப்புக் கடிதங்கள் சாட்சி.

அந்தத் தூக்கத்துக்குச் சந்தை விலையும் உண்டு. கைத்தறி வீடுகளில் தார் சுற்றுவது பெண்கள் வேலை. எவ்வளவு சுற்றினாரோ அவ்வளவுக்குக் கூலி. தண்ணீர் வந்த மறுநாள் கை ஓடாது, கண் சொக்கும். குறைந்துபோன தாருக்குக் கூலி குறையும். எந்தத் தண்ணீர்க் கட்டணப் பட்டியலிலும் ஏறாத கட்டணம் இது.

மறுசுழற்சிக்கு வருகிறேன். ‘மக்களிடம் மறுபயன்பாட்டுப் பழக்கத்தை உருவாக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பத்தாவின் கொல்லைப்புறம் நினைவுக்கு வரும். அரிசி களைந்த தண்ணீர் குளுதாடிக்குப் போகும், மாட்டுக்கு. காய் அலசியது கறிவேப்பிலைக்கு. குளித்த தண்ணீர் ஓடை பிரிந்து வாழைக்கும் முருங்கைக்கும். துணி அலசிய கடைசித் தண்ணீர் கக்கூஸுக்கு வாளியில் காத்திருக்கும். சோப்புத் தண்ணீரை மல்லிகைச் செடிக்கு ஊற்றிவிட்டேன் என்று சின்ன வயதில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. எந்தத் தண்ணீர் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தரம் பிரிக்கும் ஓர் அறிவு அந்தக் கொல்லையில் இருந்தது. இன்று பொறியியல் ‘பயனுக்கேற்ற தரம்’ என்று அதைச் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் அதை அன்றாடம் செய்தார். அதற்கு மானியம் இல்லை, ஊக்கத்தொகை இல்லை. இதை நான் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாததால் வந்த அறிவு அது. அந்தச் சுமை ஒருத்தியின் முதுகில் மட்டும் இருந்தது. தாத்தா குளித்துவிட்டு நேரே திண்ணைக்குப் போனார்.

ஆனால் வீட்டுக் கழுநீரும் நகரத்தின் சாக்கடையும் ஒன்றல்ல. சாக்கடை என்று வந்ததும் சாதி வந்துவிடும். கழிவை மனிதர்கள் கையால் அகற்றுவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. சாவு நிற்கவில்லை. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பணத்துக்காக அலுவலகப் படி ஏறி இறங்குபவர் பெரும்பாலும் இறந்தவரின் மனைவி. மறுசுழற்சி நீரின் விலையில் இந்த உழைப்பு எங்கே இருக்கிறது? ஒரு லிட்டருக்கு இவ்வளவு மின்சாரம், இவ்வளவு வேதிப்பொருள் என்று கணக்கிடுபவர்கள், குழாய் அடைத்துக்கொண்டால் இறங்குபவர் யார் என்பதைக் கணக்கில் சேர்த்தால், ‘மலிவு நீர்’ என்ற பேச்சு கொஞ்சம் தயங்கும்.

ஒரு நகரத்தின் கழிவு வறண்ட நிலத்துக்குப் பாசனமாகப் போவதும் நடந்திருக்கிறது. பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீரைக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டத்தில் 2018 ஜூனில் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதமே நுரை பொங்கியது. கர்நாடக உயர் நீதிமன்றம் சிறிது காலம் நிறுத்திவைத்தது, பிறகு திட்டம் தொடர்ந்தது. நிலத்தடி நீர் ஏறியதைக் கொண்டாடியவர்களும் உண்டு. இன்னொரு கட்டம் சுத்திகரிக்காமல் அனுப்புவதேன் என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் நியாயமானதே. எங்கள் குண்டாற்றுக்கும் ஒரு வாக்குறுதி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு, சுமார் 262 கிலோமீட்டர். கால்வாய் வந்து முடிய வேண்டிய இடம் நாங்கள். வரும்வரை ஆறு மணலாகக் கிடக்கிறது. கடைமடையில் இருப்பவர்களுக்கு வந்து சேரும் நீர் எந்தத் தரத்தில், எந்த நேரத்தில் என்பதை முடிவு செய்பவர்கள் தலைமடையில் இருக்கிறார்கள். கோலாரில் கேட்ட கேள்வி இங்கேயும் கேட்க வேண்டியதுதான்.

அப்படியானால் நேரக் கட்டணமே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. அது பொருந்தும் இடம் தெரிய வேண்டும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் கட்டம்வரை சுத்திகரித்து மணலி, திருப்பெரும்புதூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019 முதல் ஓடுகின்றன. அங்கே வாங்குபவரிடம் தொட்டி இருக்கிறது, மீட்டர் இருக்கிறது, கணக்குப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. அருப்புக்கோட்டையின் நூற்பாலைகளுக்கும் இது பொருந்தும். நூல் அறுந்துவிடாமல் இருக்க ஆலைக்குள் காற்றில் ஈரம் வேண்டும், அதற்கு நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். சாயப்பட்டறைகளுக்கும் வேண்டும். திருப்பூரில் சாய நீர் நொய்யலைக் கெடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை அங்கே கட்டாயமாக இறுகியது. விலையால் வந்த மாற்றமல்ல அது, தீர்ப்பால் வந்தது. ஆலைகளுக்கு நன்னீர் விலையை உச்ச நேரத்தில் ஏற்றுங்கள், சூரிய நேரத்தில் மறுசுழற்சி நீரைத் தள்ளுபடியில் கொடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆலையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மலிவு நேரம் இரவாக அமைந்தால் வேலை இரவுக்கு நகரும். நூற்பாலைகளின் இரவு நம் வரலாற்றில் சிக்கலான ஒன்று. இரவு 7 முதல் காலை 6 வரை பெண்கள் வேலை செய்யக்கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை, வசந்தா வழக்கில் 2000ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வறை என்று நிபந்தனைகளும் போட்டது. அந்தத் தீர்ப்பை நாம் வரவேற்றோம். இரவு பெண்களுக்கும் உரியது என்பதற்காக வரவேற்றோம். விடுதியில் அடைத்து வைக்கப்பட்ட பத்தொன்பது வயதுப் பெண்ணின் இரவு, யூனிட்டுக்கு இத்தனை பைசா மிச்சம் என்பதற்காக எடுத்துக்கொள்ளப்படுவது அதன் பொருள் அல்ல.

வீடுகளைப் பொறுத்தவரை, விலைக்கு முன்னால் நேரம் வர வேண்டும். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே சொல்வதும், சொன்னபடி விடுவதும். அந்த மணியை யார் தீர்மானிப்பது என்பது அடுத்தது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. வால்வு திறக்கும் அட்டவணை அந்தப் பெண்கள் முன்னால் ஒருநாளாவது விவாதத்துக்கு வந்திருக்கிறதா? தெருவுக்கொரு பொதுத் தொட்டி கட்டினால், இரவில் அது நிரம்பட்டும், காலையில் பெண்கள் பிடித்துக்கொள்ளட்டும். தள்ளுபடிக்குச் செலவிடும் பணத்தைத் தொட்டிக்குச் செலவிடலாம். மாதவிடாய் நாட்களில் தண்ணீர் எப்போது தேவைப்படும் என்பதை எந்தக் கட்டண ஆணையும் உச்ச நேரத்துக்கு வெளியே தள்ளிவைக்க முடியாது.

போன பருவத்தில் என் வகுப்பில் இந்த யோசனையை விளக்கினேன். ராத்திரி பிடித்தால் காசு குறைவு என்றால் பிடிப்பீர்களா என்று கேட்டேன். திருச்சுழிப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். “இப்பவும் ராத்திரிதானே மேம் பிடிக்கோம். காசு குறைச்சா அப்பா சந்தோசப்படுவாங்க,” என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு உட்காராமலே கேட்டாள்: “ராத்திரின்னா எத்தன மணிக்கு மேம்? அதச் சொல்லுவாங்களா?”